சிற்றம்பலத்தாரின் இடுப்புக் கோடு

எனக்குப் பலாப்பழம் அவ்வளவாகப் பிடிக்காது, டொக்டர். மரத்துக்கு ஆசைப்பட்டுத்தான் இந்த நர்ஸ் கமலாசனி மிஸ்ஸி இப்படிச் செய்தாள் என்று முள்ளியவளை ஊர் முழுக்க என்னைப் பற்றிக் கதை கட்டுவார்கள், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பக்கத்து வளவுச் சிற்றம்பலத்தார் வருடாவருடம் வேலி அடைப்பார். ஒவ்வொரு முறையும் வேலிக் கதியால் தடிகள் என் பக்கம் அரை அடி நடந்து வரும். எட்டு வருடத்தில், நான் நட்ட பலா அவர் வளவுக்குள் போய்விட்டது. கேட்டால், "மரம் வளந்தா அங்கால இங்கால சாயும்தானே, பிள்ளை" என்பார்.

தை மாதம் நம் ஆஸ்பத்திரிக்கு வந்தார். "வயசு போட்டுது பிள்ளை, தோல் காய்ஞ்சு கடிக்குது."

வயதானவர்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். சட்டையைத் தூக்கிப் பார்க்காவிட்டால் நாமும் நம்பிவிடுவோம். நான் தூக்கிப் பார்த்தேன். இடுப்பில் நூல் போல நெளிந்த சிவப்புக் கோடு. நுனியில் பேனையால் புள்ளி வைத்து, அவரை வாங்குப் பலகையில் இருக்கச் சொன்னேன். ஒரு மணி நேரத்தில் கோடு புள்ளியைத் தாண்டி இரண்டு விரற்கடை போயிருந்தது. வயலில் வெறுங்காலோடு நிற்பவருக்குக் காலால் ஏறித் தோலுக்கடியில் ஊரும் பூச்சி, புழு. மருந்துத் தட்டுப்பாடு என்று சொல்லித் தப்ப மாட்டேன். அதற்கான மாத்திரை அலுமாரியில் இருந்தது.

"என்ன பிள்ளை இது?"

"நாகதம்பிரான் கோபம், ஐயா. எல்லை தள்ளினவைக்கு இப்பிடித்தான் ஊருமாம்."

வாயில் வந்துவிட்டது. மறுநாளே வேலி ஓரடி பின்வாங்கியது. அந்தக் கோடு தானாக மறையும், பிறகு வேறிடத்தில் வரும். மறைந்தபோது நாகதம்பிரான் கோயிலில் பொங்கி, எனக்கும் பொங்கல் புக்கை கொண்டுவந்து தந்தார். திரும்ப வந்தபோது இன்னும் ஓரடி. சித்திரைக்குள் பலா என் வளவுக்கு வந்துவிட்டது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். மனுசன் விட்டால்தானே.

"விட்டது காணாதோ பிள்ளை? இன்னும் ஊருதே."

பக்தியுள்ள மனுசனை நான் எப்படித் தடுப்பது? அவர் வளவிலிருந்த இரண்டு தென்னையும் என் பக்கம் வந்தன.

ஆள் மெலிந்தார், இருமினார். நேற்று நீங்கள் பார்த்துவிட்டு, பூச்சி நெஞ்சுவரை போய்விட்டது, தப்புவது கஷ்டம் என்றீர்கள். மாத்திரை ஏன் கொடுக்கவில்லை என்றும் கேட்டீர்கள். ஓம், ஐந்து மாதம் தெரிந்துகொண்டேதான் கொடுக்கவில்லை. ஆனால் ஒரு கதியாலைக்கூட நான் தொட்டதில்லை, டொக்டர். எல்லாம் அவராகத் தந்தது.

இன்று காலை அவர் மனைவி விமலேஸ்வரி ஆஸ்பத்திரி வாட்டுக்குக் கஞ்சி கொண்டு வந்தார். முதுகைச் சொறிந்துகொண்டே நின்றார். பார்த்தேன், அதே கோடு. பாவம், அவரும் பயந்த சுபாவம். நான் இன்னும் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. கிணறு அவர்கள் பக்கம்தான் இருக்கிறது.