மச்சான் போட்ட வீல்

என் தங்கை வீட்டுக்காரரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் எனக்கு ஒன்றுதான் அகப்படும்: பல் வரிசை அழகாக இருக்கும். சிரித்தால் முப்பத்திரண்டும் தெரியும். அவர் சிரிக்காத நேரம் குறைவு. ஊரெல்லாம் அவரை ராக்கெட் என்பார்கள். நான் மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவேன். மரியாதை விட்டுப்போகக் கூடாது பாருங்கள்.

இன்ஸ்பெக்டர் மேடம், நீங்கள் காகிதத்தையும் பேனாவையும் வைத்துவிட்டு, "நடந்தத நடந்தபடி எழுதுங்க, கதை அளக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறீர்கள். அப்படியே செய்கிறேன். முதலில் ஃப்ளைவீல் என்றால் என்ன என்று எழுதிவிடுகிறேன். காலையில் நான் சொன்னபோது நீங்கள் அதை ஸ்டியரிங் என்று குறித்துக்கொண்டதைப் பார்த்தேன்.

எஞ்சினுக்குப் பின்னால், கிளட்ச் வந்து ஒட்டுகிற இடத்தில், சாப்பாட்டுத் தட்டு அகலத்தில் ஒரு கனமான இரும்புச் சக்கரம் சுற்றும். அதுதான். எஞ்சின் திக்காமல் ஓட அந்தக் கனம் வேண்டும். ஆனால் பந்தயக்காரர்களுக்கு அது வீண் பாரம். குறைத்தால் எஞ்சின் சட்டென்று வேகம் பிடிக்கும். அதற்குத்தான் என்னிடம் வருவார்கள். லேத்தில் கட்டி, பின்பக்க ஓரத்தைச் சீவி எடுப்பேன். பிறகு பேலன்ஸ் மெஷினில் சுற்றவிட்டு, எந்தப் பக்கம் கனம் தூக்கலாக இருக்கிறதோ அங்கே சின்னக் குழி போட்டுச் சரிக்கட்டுவேன். இருபத்திரண்டு வருஷமாக இதுதான் வேலை. ஒரு வீலும் திரும்பி வந்ததில்லை.

இதில் கவனிக்க வேண்டியது இரண்டுதான். எங்கே நிறுத்துவது என்று தெரிய வேண்டும். ஒன்பது கிலோ வார்ப்பிரும்பு வீலை ஆறு கிலோவுக்குக் கீழே நான் இறக்கியதில்லை. அடுத்து, சீவிய இடம் முடிகிற உள்மூலையை வெட்டென்று விடக் கூடாது. விரல் நுனி வழுக்கிப்போகிற மாதிரி ஒரு வளைவு விட வேண்டும். இல்லாவிட்டால் விரிசல் அங்கேதான் பிறக்கும். அந்த மூலை பின்பக்கம் இருப்பதால் எந்த வாடிக்கையாளரும் அதைப் பார்ப்பதில்லை. பளபளவென்று இருக்கும் முன்பக்கத்தைத் தடவிப் பார்த்து, சூப்பர் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

வீல் சுற்றுகிற இடத்துக்கும் ஓட்டுகிறவரின் கால்களுக்கும் நடுவில் ஒரு மெல்லிய அலுமினிய மூடியும் ஒரு தகரமும்தான் இருக்கின்றன. இதை ஒரு தகவலுக்காகச் சொல்கிறேன்.

கீழே என் பட்டறை. மாடியில் நான், தங்கை, மாப்பிள்ளை என்று மூன்று பேர். அம்மா போனபோது தங்கைக்கு ஒன்பது வயது. அவளுக்குத் தலை பின்னிவிட்டதே நான்தான். லேத்துக்காரன் பின்னல் என்பதால் இரண்டு சடையும் ஒரே எடையில் இருக்கும் என்று பக்கத்து வீட்டில் கிண்டல் செய்வார்கள். அவள்மேல் எனக்கு உயிர். இதில் எந்தச் சந்தேகமும் வேண்டாம்.

மாப்பிள்ளைக்கு எஞ்சின் டியூனிங் தொழில், பந்தயம் பைத்தியம். என் வீலைப் போட்டுக்கொண்டு வரிசையாக மூன்று பந்தயம் ஜெயித்தார். முதல் தடவை மேடையேறி கார்புரேட்டர் மெக்கானிக்குக்கு நன்றி சொன்னார். இரண்டாம் தடவை டயர்காரருக்கு. மூன்றாம் தடவை நான் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு முன்வரிசையில் போய் நின்றேன். காரின் கதவில் நம்பர் எழுதிய பெயின்டருக்கு நன்றி சொன்னார். எண் ஏழு. அதையும் கோணலாகத்தான் எழுதியிருந்தான்.

கூட்டத்தில் யாரோ, "ஃப்ளைவீல் யாரு வேலை?" என்று கேட்டார்கள். மாப்பிள்ளை பல்லைக் காட்டி, "அதுவா? நம்ம மச்சான்தான். சும்மா கொஞ்சம் சீவிக் குடுத்தாரு" என்றார்.

எனக்குக் கோபம் வரவில்லை. கோபக்காரன் என்று யாரும் என்னைச் சொன்னதில்லை. வீட்டுக்கு வந்து சட்டையை மடித்து வைத்துவிட்டேன், அவ்வளவுதான்.

ஒரு மாதம் கழித்து அவர் புது வீலோடு பட்டறைக்கு வந்தார். "மச்சான், இந்த வாட்டி நாலரை கிலோவுக்குக் கொண்டாங்க."

"தாங்காது மாப்பிள்ளை. ஸ்டீல்ல ஒண்ணு வாங்கிட்டு வாங்க, செஞ்சு தரேன்."

"அட, சீவறதுக்குப் போய் எதுக்கு இவ்ளோ யோசனை? முடி வெட்டுறவரு கூட இவ்ளோ யோசிக்க மாட்டாரு."

வழக்கமாக நான் முடியாது என்று சொல்லி அனுப்பிவிடுவேன். அன்றைக்கு, "சரி, வச்சிட்டுப் போங்க" என்றேன். வாடிக்கையாளர் கேட்டதைத்தானே கொடுக்கிறோம்.

நாலரைக்கே இறக்கினேன். உள்மூலையில் வளைவு விடவில்லை. விடவில்லை என்பதுகூடச் சரியில்லை. வளைவு கொடுக்கும் உளியைக் கழற்றிவிட்டு, கூர்மையான உளியை மாட்டி, சுற்று முழுக்க ஒரு கோடு இழுத்தேன். இருபது நிமிஷ வேலை. பிறகு அரைநாள் செலவழித்து பேலன்ஸ் பார்த்தேன். முள் பூஜ்யத்தைவிட்டு அசையவில்லை. என் வாழ்நாளில் அவ்வளவு சுத்தமாக ஒரு வீல் அமைந்ததில்லை.

அவரைக் கொல்ல வேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை, அப்படி எழுதிவிடாதீர்கள். கிளட்ச் மிதிக்கிற இடது கால் ஒன்று போனால் போதும் என்றுதான் நினைத்தேன். ஒற்றைக் காலோடு எத்தனையோ பேர் நிம்மதியாக வாழ்கிறார்கள். பந்தயம் நின்றுவிடும், மனுஷன் வீட்டில் இருப்பார், தங்கைக்கும் துணையாக இருக்கும். யோசித்துப் பார்த்தால் அது அந்தக் குடும்பத்துக்கே நல்லது.

அந்த வீல் தெருவில் மெதுவாக ஓட்டினால் பல நாள் தாங்கும். நிமிஷத்துக்கு ஏழாயிரம் சுற்றில் எஞ்சினை முறுக்கிப் பிடித்து, கிளட்சைப் படாரென்று விட்டால்தான் பிளக்கும். அப்படி விடுவது பந்தயப் புறப்பாட்டில் மட்டும்தான். அதாவது மாப்பிள்ளை மட்டும்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை பந்தய கிளப் மைதானத்தில் சோதனை ஓட்டம். ஊரிலுள்ள டியூனிங்காரர்கள் பத்துப் பதினைந்து பேர் வந்திருந்தார்கள். எனக்குப் போட்டியாக லேத் வைத்திருக்கும் ஒட்டடைக்குச்சியும் வந்திருந்தான். ஆள் அந்த வாகு, அதனால் அந்தப் பெயர். மாப்பிள்ளை எஞ்சினை எழுப்பினார். சத்தம் அப்படியே வழுவழுவென்று ஏறி இறங்கியது. எல்லாரும் காரைச் சுற்றி வந்து நின்றார்கள். அப்போது அவர் இறங்கி வந்து, அத்தனை பேர் நடுவிலும் என் தோளில் கைபோட்டு, "பாத்துக்கோங்கப்பா, பூவாட்டம் சுத்துது. இது எங்க மச்சான் போட்ட வீல்! இந்த மாதிரி ஒரு கை எங்கேயும் கிடையாது" என்றார்.

மூன்று பந்தயமாக நான் காத்திருந்த வார்த்தை அது. கண்ணே கலங்கிவிட்டது. ஒட்டடைக்குச்சியின் முகத்தைப் பார்த்தேன். பார்க்கவே நன்றாக இருந்தது.

அடுத்தபடியாக மாப்பிள்ளை, "இன்னைக்கு எங்க கல்யாண நாள். அதனால நான் ஓட்டல, இவ ஓட்டுறா" என்று சாவியைத் தங்கையின் கையில் கொடுத்தார். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் அவர் அவளுக்கு விட்டுக்கொடுத்த ஒரே பொருள் அந்த சீட்.

அவள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்துக் கை காட்டினாள். இருபது அடி தூரம்தான். நான் வாயைத் திறந்தேன். வீல் சரியில்லை, இறங்கு என்று சொன்னால் போதும். ஒட்டடைக்குச்சி என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். பெட்ரோல் ஒழுகுகிறது என்று ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். அதுவும் தோன்றியது. சொன்னால் பானட்டைத் திறப்பார்கள், ஓட்டம் தள்ளிப்போகும், கூட்டம் கலைந்துவிடும், என் வீலைப் பற்றிய பேச்சும் அதோடு போய்விடும். ஒருவேளை தாங்கிவிடும் என்றும் நினைத்துக்கொண்டேன். அப்படித் தாங்காது என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் யாரும் அங்கே இல்லை. நான் வாயை மூடிக்கொண்டு, அவளுக்குக் கை காட்டினேன்.

அவர் சொல்லிக்கொடுத்தபடியே ஏழாயிரத்தில் பிடித்தாள். கிளட்சை விட்டாள். சத்தம் ஒன்றுதான் வந்தது.

இடது கால். கணுக்காலுக்குக் கொஞ்சம் மேலே. ஓடிப்போய் அவளை வெளியே தூக்கியதும், என் பெல்ட்டை அவிழ்த்துத் தொடையில் இறுக்கிக் கட்டியதும் நான்தான். உயிர் பிழைத்ததற்கு அந்தக் கட்டுதான் காரணம் என்று டாக்டர் பாராட்டினார்.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். மாப்பிள்ளை பழைய கிளட்ச் ஒன்றை வாங்கி மாட்டியிருந்தார். கிளப் ஆட்கள் எஞ்சினைப் பிரிக்காமலே, கிளட்ச் வெடித்தது என்று எழுதினார்கள். அவரும், "நான்தான் சார், நான்தான் அவள இப்படிப் பண்ணிட்டேன்" என்று தலையில் அடித்துக்கொண்டார். நீங்கள் அவர்மேல் வழக்குப் போட்டீர்கள். இந்தப் பதினோரு நாளாக ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் சோறு தண்ணீர் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறார். தங்கை அவர் முகத்தில் விழிக்க மாட்டேன் என்கிறாள். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. தினமும் நான்தான் அவருக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்தப் பதினோரு நாளும் எனக்கு இங்கே வரத் தோன்றவில்லை.

இன்றைக்குக் காலையில் தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ ஏண்ணா இப்படி உருகுற? கிளப்பு ரிப்போர்ட்ட வாசிச்சுக் காட்டினாங்க. ஃப்ளைவீலுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லையாம். கிளட்ச்சாலதான் எல்லாம்" என்றாள்.

அங்கிருந்து எழுந்து நேராக உங்களிடம் வந்தேன். அவளுக்காகத்தான் வந்தேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், அப்படி எழுதுவதுதான் முறை. ஆனால் எஞ்சினைப் பிரித்துப் பாருங்கள் மேடம். வீலின் நடுத்துண்டு இன்னும் அதன் இடத்திலேயே இருக்கும், எட்டு போல்ட்டும் இறுக்கமாக. உடைந்த விளிம்பை விரலால் தடவுங்கள். சுற்று முழுக்க ஒரே கோடு, எங்கேயும் பிசிறு இருக்காது. ராத்திரி பகலாக உட்கார்ந்தாலும் அந்த ஒட்டடைக்குச்சியால் அப்படி ஒரு கோடு இழுக்க முடியாது. ரிப்போர்ட்டில் சம்பந்தமே இல்லை என்று எழுதியிருக்கிற அந்த வரியை முதலில் அடியுங்கள். அதை அடித்துவிட்டால் போதும், மற்றபடி எங்கே சொன்னாலும் கையெழுத்துப் போடுகிறேன்.