விட்டுப்போன தலைமையாசிரியை

— பதினொரு பேருதான் இருக்கு, டீச்சர். ஒருத்தங்க விட்டுப்போயிட்டாங்க. பட்டியலை இன்னொரு தடவை பாருங்க.

— விட்டுப்போகல, அலோய்ஸ் அண்ணே. இருக்கிற பேரைச் செதுக்குங்க. எழுபத்தஞ்சாம் வருஷ விழாவுக்கு இன்னும் ஒம்பது நாள்தான் இருக்கு.

— சிஸ்டர் ஒடில் எங்க? பத்தொம்பது வருஷம் தலைமையாசிரியையா இருந்த மனுசி. அவங்க இல்லாம பலகையா? இந்தாங்க உளி, நீங்களே செதுக்கிக்கோங்க.

— முதல்ல வாயில இருக்கிற பாக்கைத் துப்புங்க, பாதி வார்த்தை புரியல. அந்தப் பேரு வேண்டாம்னு ஆயர் இல்லத்துலயே சொல்லிட்டாங்க.

— எந்த மகராசன் சொன்னான்?

— நானும் சண்டை போட்டுப் பார்த்தேன். பள்ளிக்கூட வரலாறு எழுதறேன்ல, பழைய காகிதமெல்லாம் பார்க்க விட்டாங்க. அதுல ஒரு கடிதத்தை எடுத்து முன்னால வச்சாங்க. போர் நடந்தப்ப நம்ம பள்ளிக்கூடம் எரிஞ்சுதே...

— பட்டாளத்துக்காரன் எரிச்சான்.

— ஊர்ல அப்படித்தான் சொல்றோம். ‘நான்தான் கொளுத்தினேன்’னு சிஸ்டரே எழுதியிருக்காங்க.

— பொய்.

— அவங்க கையெழுத்து எனக்குத் தெரியாதா, அண்ணே?

— பொய்ங்கிறேன்ல! அந்தக் காலத்துச் சாமியாருங்க படகுல வந்து ஓலைக் கொட்டகையில ஆரம்பிச்சது இது. ஓலையைப் பிரிச்சுத் தகரம் போட்டது அவங்க. மழை பெஞ்சா ஒவ்வொரு பெஞ்சையும் தொட்டுத் தொட்டுப் பார்ப்பாங்க, நனைஞ்சிருக்கான்னு. அவங்களா நெருப்பு வைப்பாங்க?

— காரணமும் எழுதியிருக்காங்க. மறுநாள் பட்டாளம் வந்து வகுப்பறையில முகாம் போடப் போறதா சேதி வந்துச்சாம். பிள்ளைங்க படிச்ச இடத்துல ஊராளுங்களைக் கட்டிவச்சு அடிக்கிறதுக்குப் பதிலா, எரிஞ்சே போகட்டும்னு.

— அந்தக் காரணம் நெசம்.

— உங்களுக்கு எப்படித் தெரியும்?

— அப்ப எனக்குப் பதினேழு வயசு. பட்டாளத்தை எதிர்த்துக் காட்டுக்குள்ள இருந்த பசங்க பேசிக்கிட்டது. அதை விடுங்க. அப்புறம் அவங்களை என்ன செஞ்சாங்க?

— அவங்க நாட்டுக்கே திருப்பி அனுப்பிட்டாங்க. அதுக்கப்புறம் எந்த வகுப்புலயும் நிக்க விடல. ஒரு மடத்துல துணி துவைச்சுக்கிட்டிருந்து அங்கேயே செத்தாங்களாம்.

— துணி துவைச்சுக்கிட்டா? சிஸ்டரா?

— ம்.

— படகு ஏறின அன்னிக்கு நான் கரையில நின்னேன், டீச்சர். என்னைத் தாண்டித்தான் போனாங்க. முகத்தைக்கூடப் பார்க்கல. என் மேல அவ்வளவு வெறுப்புன்னு நெனச்சேன். இத்தனை வருஷமும் அப்படித்தான் நெனச்சுக்கிட்டிருந்தேன்.

— கரையில வேற யாரு இருந்தா?

— பட்டாளத்துக்காரனுங்க ரெண்டு பேரு. ஊர்ல ஒவ்வொரு பையனையும் மொறைச்சுப் பார்த்துக்கிட்டு... அட சாமி.

— என்ன, அண்ணே?

— அவங்க என்னைப் பார்த்திருந்தா அவனுங்களும் என்னைப் பார்த்திருப்பானுங்க.

— அண்ணே... கடிதத்துல கடைசியா ஒண்ணு எழுதியிருக்காங்க. ‘இதுக்காக ஊர்ல யாரையும் விசாரிக்க வேண்டாம்’னு.

— புத்தகத்துல என்ன எழுதப் போறீங்க?

— கடிதத்துல இருக்கிறதைத்தான் எழுதணும். அதை மறுத்துச் சொல்ல யாரு இருக்கா? நீங்க ஏதாவது சொல்றதா இருந்தா நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. உங்க பேத்தி நாலாம் வகுப்புல உக்காந்திருக்கா. புத்தகம் எல்லா வீட்டுக்கும் போகும்.

— போகட்டும். பேனாவை எடுங்க. சிஸ்டர் ஒடில் பொய் சொல்லிட்டாங்கன்னு எழுதுங்க. மண்ணெண்ணெய் ஊத்திக் கொளுத்தினது நான். நான் ஓடினதை அவங்க பார்த்தாங்க.