எதிர் வூட்டுக்கு நேரா

— உன் கடையில கீற இது டி.வி. பொட்டியே இல்லியே கலைப்பிரியா. செருப்பு டப்பா கணக்கா கீது. இதுலேருந்தா ஆளு ஒசரத்துக்குப் படம் வரும்?

— வரும் பச்சைமுத்து அண்ணே. அந்தக் காலத்துல வந்த பொட்டிதான் பீரோ அளவுக்கு இருக்கும். பாருங்க, அதுக்குள்ள செவப்பு, பச்சை, நீலம்னு மூணு குழா. மூணும் அடிக்கிற வெளிச்சத்த உள்ள ஒரு கண்ணாடி வாங்கி, திரைக்குப் பின்னாலேருந்து தள்ளும். நாம முன்னால குந்திக்கினு பாப்போம். இப்ப அதெல்லாம் வர்றதில்ல.

— இது இன்னா பண்ணும்?

— இது புரொஜெக்டரு. வெளிச்சத்த லென்ஸு வழியா வெளிய அனுப்பி, சொவுத்துல படமா விழவைக்கும். பாருங்க, சிலதுல மூணு கலருக்கும் மூணு சின்ன எல்.சி.டி. தகடு. சிலதுல கண்ணுக்கே தெரியாத குட்டிக் குட்டிக் கண்ணாடிங்க லட்சக்கணக்குல, அதுங்க ஆடி ஆடிப் படம் காட்டும். அதோ அந்த லேசர் டி.வி.ய சொவுத்த ஒட்டியே வச்சிடலாம், நடுவுல ஆளு நடந்தாலும் நிழல் விழாது. நீங்க எந்த ரூமுல வைக்கப்போறீங்க?

— ரூமுல இல்லம்மா, தெருவுல. மண்டகப்பட்டுல எங்க தெரு நடுவுல கயிறு கட்டி, வெள்ளை வேட்டியத் தொங்கவிடப்போறேன். விழுப்புரத்துல வாங்குனா ஊருக்குள்ள சேதி போயிடும்னுதான் இம்மாந்தூரம் திண்டிவனம் வந்தேன்.

— மண்டகப்பட்டா? பாருங்க, உங்க ஊருக்கு இன்னிக்கு இன்னா ஆச்சுன்னே தெரியல. சரி, வேட்டியில இன்னா பாக்கப்போறீங்க?

— நாளைக்கு வெளக்கு வச்சதும் சங்கவிக்குக் கபடி பைனலு. டி.வி.ல காட்டுறாங்கோ. எம் பொண்ணும்மா. முதுகுல ஏழாம் நம்பரு.

— அடடே, அந்தப் பொண்ணு உங்க பொண்ணா. கேக்கவே சந்தோசமா இருக்குண்ணே.

— அதான் கேக்குறேன். வேட்டியில படம் விழுந்தா அந்தாண்டப் பக்கமும் தெரியுமா?

— தெரியும். தண்ணியில நனைச்சுக் கட்டுங்க, இன்னும் பளிச்சுனு தெரியும். ஆனா அந்தாண்ட இடம் வலமா மாறிடும். ஏழு திரும்பிக்கினு நிக்கும். ஸ்கோரப் படிக்க முடியாது.

— அது ஆவாது. அந்தாண்டதான் நேரா தெரியணும்.

— அதுக்கு ஒரு செட்டிங் மாத்தணும். மாத்துனா உங்க பக்கம் திரும்பிடும்ணே. வாங்குறவரு நீங்க, உங்களுக்கு மாறித் தெரியணுமா? அந்தாண்ட இன்னா கலெக்டரா குந்தப்போறாரு?

— என் தம்பி. எதிர் வூடு. மோட்டாரு தண்ணி முறையில தகராறாயி வருசக்கணக்கா பேச்சு இல்ல.

— கூப்புட வேண்டியதுதானே?

— கூப்புட்டா வரமாட்டான். அவன் கூப்புட்டா நானும் போமாட்டேன். பேஜாரு புடிச்ச குடும்பம்மா எங்களுது.

— அவரு செல்லுல பாத்துக்கமாட்டாரா?

— பாப்பான், தனியா. மல்லாட்டை காயவைக்கிற களத்துல சுண்ணாம்புக் கோடு போட்டு, சங்கவிய மொதமொதல்ல பாடிக்கினு எறங்கவச்சதே அவன்தான். அவ பாயிண்ட் எடுக்கச் சொல்ல நான் ஒரு வூட்டுல கத்திக்கினு, அவன் ஒரு வூட்டுல கத்திக்கினு இருந்தா நல்லாவா கீது? ஒரே துணியப் பாத்துக் கத்துனா அதுவே போதும்மா எனக்கு.

— ஆனா உங்களுக்கு இடம் வலமாத் தெரியுமேண்ணே.

— எம் பொண்ணு எந்தப் பக்கம் திரும்புனாலும் எம் பொண்ணுதான். நீ எதுக்கும்மா சிரிக்கிற?

— உங்க தம்பி பேரு துரைக்கண்ணுவா? புருவத்துல ஒரு தழும்பு இருக்குமா?

— ஆமா. சின்ன வயசுல கில்லி ஆடச் சொல்ல நான் அடிச்ச கட்டை பட்டது. அவன உனக்கு எப்படித் தெரியும்?

— காலையில வந்தாரு. இதே மாதிரி ஒண்ணு வாங்கிக்கினு போனாரு. வேட்டியில காட்டப்போறேன், எதிர் வூட்டுக்குத்தான் நேரா தெரியணும்னு சொல்லி, கூடவே நின்னு செட்டிங்க மாத்திக்கினு போனாரு. பாருங்க, "பெத்தவனுக்கு நேரா தெரியட்டும், எனக்குத் திரும்பித் தெரிஞ்சா பரவால்ல"ன்னாரு.

— துரைக்கண்ணுவா சொன்னான்?

— அவரேதான். மொதல்ல கண்ணத் தொடைங்கண்ணே. உங்களுக்கும் ஒண்ணு பேக் பண்ணட்டா?

— வேணாம்மா. ஜல்தியா அவனுக்கு ஒரு போனு போட்டு அந்த செட்டிங்கப் பழையபடி மாத்தச் சொல்லு. நான் அவன் பக்கமே போய்க் குந்திக்கிறேன்.