நாற்பத்து நான்காவது டிக்

“அம்மா இன்னா சொல்றாங்க, சின்னு?”

எதிர்வீட்டு அஃப்சருன்னிசா அக்கா முதன்முதலில் இப்படிக் கேட்டபோது எனக்குப் பதினாறு வயது. அதுவரை யார் எதைக் கேட்டாலும் நான் பதில் சொன்னதில்லை. வகுப்பில் எழுந்து படிக்கச் சொன்னால் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொள்வேன். அன்று நிதானமாகச் சொன்னேன்: “டீ குடிச்சிட்டுப் போவச் சொல்றாங்க.”

ரங்கநாதன் தெருப் புடவைக் கடையில் பதினெட்டு வருடம் ஆட்களைக் கூவி அழைத்த அம்மாவின் குரல், பக்கவாதத்தில் ஒரே காலையில் நின்றுபோயிருந்தது. இடது கை மட்டும் அசையும். அக்கா லாவண்யா கிண்டியில் சாஃப்ட்வேர் கம்பெனிக்குப் போய்விடுவாள். அந்தக் கை சொல்வது எனக்குத்தான் தெரியும். ‘அம்மா என்னை வீட்டோட இருக்கச் சொல்றாங்க’ என்று அக்காவிடம் சொல்லிப் பள்ளியை விட்டேன். கை அப்படிச் சொல்லவில்லை. அப்படி எடுத்துக்கொள்ளவும் இடம் இருந்தது.

இரண்டு வருடம் வீடு நன்றாகவே நடந்தது. டாக்டர்கூட என்னைப் பார்த்துத்தான் பேசுவார்.

பிறகு அக்கா ஓர் இணையப் பக்கம் செய்தாள். அம்மா முன்பு வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் பதிவுகளைச் சொல் சொல்லாக நறுக்கி, படங்களுக்குப் பின்னால் வைத்தாள். டேப்லெட்டில் சொம்புப் படத்தைத் தொட்டால் அம்மாவின் குரலே “தண்ணி குடு” என்றது.

“இன்னா பங்கஜம், மறுபடியும் புடவை விக்க வந்துட்டியா?” என்று சொல்லிவிட்டு அஃப்சருன்னிசா அக்கா அழுதாள். அம்மா வாயின் ஒரு பக்கத்தால் சிரித்தாள். அன்று என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

மூன்றாம் வாரம் அம்மா என் படத்தைத் தொட்டாள். அடுத்துப் பள்ளிக்கூடத்தை. “சின்னு. ஸ்கூலு. போ.” அக்கா ஆபீசில் இருந்தாள். அம்மாவுக்குக் கை தவறுகிறது என்று நினைத்தேன். ஆறு முறை தவறியது.

அந்தச் சனிக்கிழமை அக்கா தன் நிரல்களை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தாள். வேறு வேலைக்கு மாறப்போகிறாள். புதுக் கம்பெனிக்காரர்கள் பார்ப்பார்கள் என்று பயம். ஒவ்வொரு நிரலும் இணையத்தில் ஒரு ரெப்போவாக, தனித்தனிக் கிடங்காக இருக்கும். எல்லாவற்றையும் ஒரே பட்டியலாகக் காட்டும் ஒரு தளத்தைத் திறந்திருந்தாள். வேண்டாததற்கு டிக் போட்டு, மொத்தமாக அழித்துவிடலாம். கல்லூரிக் காலத்துக் குப்பை நாற்பத்து மூன்றுக்கு டிக் போட்டிருந்தாள். சிலிண்டர்காரர் மணி அடித்ததும் எழுந்து போனாள். பட்டியலைக் கீழே இறக்கினேன். ‘அம்மா குரல்’ என்ற வரியில் ஒரு டிக் போட்டேன்.

“நாப்பத்தி நாலா? நாப்பத்தி மூணுன்னு நெனச்சேன். நீ எண்ணுனியாடி?”

தலையை ஆட்டினேன், இல்லை என்று.

பொத்தானை அழுத்தியது அக்காதான். நான் எதையும் அழிக்கவில்லை.

முப்பது நாளுக்குள் மீட்கலாம் என்று பக்கத்தின் அடியில் ஒரு வரி இருந்தது. அதை நோட்டில் எழுதிவைத்தேன். தினமும் ஒரு கோடு. டேப்லெட் தன்னிடம் சேமித்திருந்த பிரதியால் பேசிக்கொண்டிருந்தது. அக்கா வீட்டில் இருக்கும்போதெல்லாம் அது சமையலறையில் சார்ஜில் இருக்கும். இதற்கிடையில் அக்கா பழைய கம்பெனி லேப்டாப்பைத் திருப்பிக் கொடுத்தாள். குரல் பதிவுகள் இருந்த போன் முன்பே பஸ்ஸில் தொலைந்திருந்தது. முப்பத்தோராம் நாள் டேப்லெட்டில் இருந்த பிரதியைத் துடைத்தேன்.

அம்மா சொம்பு இருந்த இடத்தைத் தொட்டாள். மறுபடி தொட்டாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

அக்கா அன்று மாலை முழுதும் தேடினாள். “நானே அழிச்சிட்டேன்டி. என் கையால அம்மா குரலை அழிச்சிட்டேன்,” என்று தரையில் உட்கார்ந்து அழுதாள். முதுகைத் தடவிக்கொடுத்தேன். “அம்மா ஒண்ணும் வருத்தப்படலையாம்க்கா,” என்றேன். அம்மாவின் கை மடியில் அசையாமல் இருந்தது.

மறுநாள் அஃப்சருன்னிசா அக்கா வாசலில் நின்று கேட்டாள். “அம்மா இன்னா சொல்றாங்க, சின்னு?” நெடுநாள் கழித்து எனக்கு நன்றாகப் பசித்தது.

போன செவ்வாய்க்கிழமை, டாக்டர் சொன்ன தேதியைத் தேடி அக்கா என் நோட்டைப் பிரித்தாள். டிக் போட்ட நாள், முப்பது கோடுகள், எல்லாம் அதில் இருந்தன. அவள் என்னை அடிக்கவில்லை. “ஏன்?” என்று மட்டும் கேட்டாள். அதற்குத்தான் இதை எழுதுகிறேன்.

இன்று காலை அக்கா அடையாறில் வேறு வீடு பார்த்து அம்மாவைக் கூட்டிப்போனாள். படியில் அம்மாவின் இடது கையைப் பிடித்துக்கொள்ளப் போனேன். அம்மா அதை முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். குளிராக இருந்திருக்கும். ஆட்டோ கிளம்பும்வரை அம்மா எதுவும் சொல்லவில்லை. என்மேல் கோபம் இருந்தால் ஒரு வார்த்தையாவது சொல்லியிருப்பாள்.