பம்புக்குப் போகும் வயர்

பழைய டீசல் லாரிக்கு வரும் நோயில் முக்கால்வாசி வயரில்தான் வரும். எஞ்சின் கல்லு மாதிரி இருக்கும், டாங்க் நிறைய டீசல் இருக்கும், வண்டி மட்டும் நகராது. டீசல் பம்பின் தலையில் ஒரு சின்ன வால்வு உண்டு. கரண்ட் வந்தால் திறந்து டீசலை விடும், நின்றால் மூடிக்கொள்ளும். அதற்குப் போவது ஒரே ஒரு வயர்.

என் மகன் ஓட்டியது அப்படிப்பட்ட வண்டி. எனக்கு வண்டிகளுக்கு வயரிங் பார்க்கும் பட்டறை. கல்யாணமானதும் அவன் தனிக்குடித்தனம் போனதில் எனக்கு வருத்தமில்லை. அவன் அம்மாவும் இறந்துபோய்விட்ட வீட்டில் அவனுக்கு என்ன இருக்கிறது? பக்கத்துத் தெருதான். பட்டறை வாசலில் ஹாரன் அடித்து, "லோடு இருக்குப்பா, அப்புறம் வரேன்" என்பான். அந்த அப்புறம் வரவே வராது.

ஒருநாள் வண்டி தானாகவே மக்கர் செய்தது. பட்டறைக்கு இழுத்து வந்து, கரண்ட் இருந்தால் எரியும் டெஸ்ட் லாம்பை வைத்துக்கொண்டு இருவரும் தேடினோம். ஃபியூஸ், ரிலே, சாவி ஸ்விட்ச் எல்லாம் பார்த்து, கடைசியில் எர்த் வயரில் துரு. அன்று என்னோடு சாப்பிட்டான். பெஞ்சிலேயே தூங்கிப்போனான். சின்ன வயதில் தூங்குவதுபோல் வாய் லேசாகத் திறந்திருந்தது. அப்போதுதான் பம்பு வயரைத் தொட்டேன்.

பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. உறையைக் கீறி, செம்பு இழைகளில் ஒன்றிரண்டை மட்டும் விட்டு மற்றதை அறுத்து, மேலே டேப் சுற்றினேன். சூடேறி ஆடினால் கரண்ட் விட்டுப்போகும். ஆறினால் மறுபடி ஓடும்.

அதன்பிறகு அடிக்கடி வந்தான். என் முன்னால் டெஸ்ட் லாம்ப் பளிச்சென்று எரியும்.

"உங்களைப் பார்த்தா வண்டிக்கும் பயம்ப்பா. உடனே நல்ல பிள்ளையாயிடுது."

"உன்னை மாதிரி இல்லைடா."

சிரிப்பான். நல்லாயிருக்கும் ரிலேயைக் கழற்றிவிட்டு இன்னொன்றைப் போடுவோம். பொழுது போய்விடும்.

கடைசியாக மலைப்பாதையிலிருந்து போன் செய்தான். "அப்பா, வளைவுல நின்னுடுச்சு. வால்வுக்கு கரண்ட் வரலை. பின்னாடி வண்டிங்க வேகமா வருது. ஏதாவது பண்ணி ஓரமா எடுத்துடலாமா?"

டேப்பைப் பிரித்து வயரை முறுக்கிவிடு என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் வெட்டைப் பார்ப்பான்.

"எதையும் தொடாதே. வெயில்ல நிக்காம வண்டிக்கு முன்னாடி நிழல்ல உட்காரு. நான் வரேன்."

இரண்டு பேருக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டு கிளம்பினேன். வழியெல்லாம் சந்தோஷமாக இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

நான் போவதற்குள், கல் ஏற்றி வந்த லாரி ஒன்று பின்னாலிருந்து மோதியிருந்தது. என் மகன் சொன்ன பேச்சைக் கேட்டு நிழலில்தான் உட்கார்ந்திருந்தான். அவன் வண்டியே அவன்மேல் ஏறியிருந்தது.

கிரேன் வருவதற்குள் வயரை மாற்றிவிட்டேன். வளைவில் நிறுத்தியது என் மகன் தப்பு என்று போலீஸில் முடித்தார்கள்.

மருமகள் பேத்தியோடு என் வீட்டுக்கே வந்துவிட்டாள். "அன்னிக்கு உடம்பு முடியலைன்னார் மாமா. நான்தான் கேக்காம அனுப்பினேன்" என்று அழுவாள். உன் மேல் தப்பில்லையம்மா, எல்லாம் விதி என்று தேற்றுவேன். தேற்றத் தெரிந்த மனிதர் என்று தெருவில் எனக்கு நல்ல பெயர்.

இப்போது அம்மா வீட்டோடு போய்விடுகிறேன் என்கிறாள். அந்தப் பக்கம் வேலை தேடி, பேத்தியை முன்னால் நிற்கவைத்துக்கொண்டு ஸ்கூட்டரில் அலைகிறாள். நேற்று வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்தாள்.

"ஓடிக்கிட்டு இருக்கும்போதே அணைஞ்சுடுது மாமா."

"வெளியில கொடுக்காதேம்மா. நானே பார்க்கிறேன்" என்றேன்.

பயப்பட ஒன்றுமில்லை. குழந்தை போகிற வண்டி. பிரேக்கை நான் தொடவே இல்லை.