ஒரு நடை தண்ணி

— மறைக்காமச் சொல்லுங்கத்தை. சாணத் தொட்டியில நீங்க எதையாச்சும் போட்டீகளா?

— நான் எதுக்கு அங்கிட்டுப் போறேன்? சாணி கேஸுல ஆக்குன சோறு இந்தச் சங்கரம்மா தொண்டையில எறங்காதுன்னு குழி வெட்டுன அன்னைக்கே சொல்லியாச்சுல்ல. பத்து நாளா மண்டையிடி வேற. பேசாமப் போ தங்கலட்சுமி.

— அடுப்பும் பத்து நாளாத்தான் எரியல. அத ஆகாதுன்னு நிக்கிறது இந்த வீட்டுல நீங்க ஒரு ஆளுதான்.

— எரியாட்டிப் போகுது. வெறகுக்கு வேலிக்கருவையா இல்ல?

— அந்தப் பொகையில நின்னா இளைப்பு விடாதுன்னு அருப்புக்கோட்டை டாக்டரு சொன்னத நீங்களுந்தான கேட்டீக. நேத்து உலை கொதிக்கிறதுக்குள்ள ரெண்டு தடவ வெளிய ஓடி மூச்சு வாங்குனேன்.

— பாத்தேன்.

— வெள்ளிக்கெழம ஆளு விட்டுக் குழிய மூடப் போறாக மாமா. யூனியன் ஆபீசுல இருந்து வந்தவரு பாத்துட்டு, சோப்புத் தண்ணி எறங்கியிருக்குன்னாரு. கேஸ உண்டாக்குற பூச்சியெல்லாம் அதுல செத்துருமாம்.

— சாணியில ஏது பூச்சி?

— கண்ணுக்குத் தெரியாதாம்.

— சோப்புத் தண்ணின்னா... துணி அலசுன தண்ணியுமா?

— அத்தை.

— இருடி. நாலு சட்டி சாணிக்கு நாலு சட்டி தண்ணி. அம்புட்டையும் நீ ஊருணியில இருந்து இளைச்சு இளைச்சுச் சொமந்துட்டு வார. மழையில்லாத ஊருல அலசுன தண்ணிய வீணா எதுக்குக் கொட்டணும்? ஒனக்கு ஒரு நடை மிச்சமாகுமேன்னு ஊத்திட்டேன்.

— எனக்காகவா? நான் ஒங்களப் போயித் தப்பா நெனச்சுட்டேனே.

— நெனச்சா நெனச்சுட்டுப் போ. இனிச் சரியாகுமா, ஆகாதா?

— ஆகுமாம். உள்ள கெடக்குறத அள்ளிட்டுப் புதுசாக் கரைச்சு ஊத்தணும். மாட்டு மூத்திரமும் சேத்துக்கிட்டா தண்ணி கொறையுமாம். ஆனா இருவது நாளு பொறுக்கணும். மாமா பொறுக்க மாட்டாகளே.

— அந்தக் குழியில ஒரு கூடை மண்ணு விழட்டும், அவுகளுக்கு இந்த வீட்டுல கஞ்சி கெடையாது. நான் பேசிக்கிறேன்.

— ஆகாத அடுப்புக்கு ஏன் இம்புட்டு வரிஞ்சு கட்டுறீக?

— பத்து நாளா எனக்கு மண்டையிடி எதுனாலன்னு நெனச்ச? நீ தண்ணிக்குப் போனதும் தெனமும் அதுலதான காப்பி போட்டுக் குடிச்சேன்.