அசைந்தால் மட்டும் பதியும்

பழைய கேமராவில் கெட்டுப்போவது பெரும்பாலும் கேமரா இல்லை, வயர்தான். இது தெரியாமல் நல்ல சாமானைக் குப்பையில் போடுகிறார்கள். நான் எலக்ட்ரீஷியனாக இருக்கிற துணிக் கிடங்கில் புதுக் கேமரா மாட்டியபோது, பழையதையெல்லாம் கழற்றி மூலையில் குவித்தார்கள். கேட்டேன். எடுத்துக்கொண்டு போ என்றார்கள். திருடவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா.

அந்தக் கேமராவுக்குத் தடித்த கறுப்பு வயர். இப்போது வருகிற சாமானுக்கு அது ஒத்து வராது. மாமியாரும் மருமகளும் முகம் பார்த்துப் பேசாத வீட்டில், இங்கே சொன்னதை அங்கே பக்குவமாக மாற்றிச் சொல்ல ஓர் ஆள் வேண்டுமில்லையா? அப்படி ஒரு சின்னப் பெட்டியை நடுவில் போட வேண்டும். பழைய படத்தை வாங்கி, புது ரெக்கார்டருக்குப் புரிகிற மாதிரி மாற்றிக் கொடுக்கும். அங்கிருந்து என் போனுக்கு வரும். படம் கொஞ்சம் மங்கல். சத்தம் கிடையாது. எனக்குச் சத்தம் தேவையும் இல்லை. வாயால் சொல்வதை நான் என்றைக்கும் நம்பினவன் இல்லை.

என் மனைவி படுத்திருந்த அறையில் ஒன்றை மாட்டினேன்.

அவளுக்குப் பக்கவாதம், இடது பக்கம் விழுந்துவிட்டது என்று டாக்டர் சொன்னார். டாக்டர் சொன்னால் ஆயிற்றா? நோயாளி காட்டுவதைத்தானே அவரும் பார்க்கிறார். ஒரு நாள் சீக்கிரம் வீடு திரும்பினேன். உள்ளே சிரிப்புச் சத்தம். அவளும் பக்கத்து வீட்டுக்காரியும். நான் செருப்பைக் கழற்றியதும் சிரிப்பு நின்றது. எழுந்திருக்க முடியாத பொம்பளைக்குச் சிரிக்க என்ன இருக்கிறது? அன்றைக்கு விழுந்த சந்தேகம்தான். நான் அந்தப் பக்கம் போனதும் இவள் எழுந்து நடக்கிறாள், என்னைக் கண்டதும் படுத்துக்கொள்கிறாள். அள்ளவும் துடைக்கவும் வைத்து, இத்தனை வருஷத்துக்கும் சேர்த்து என்னைப் பழி வாங்குகிறாள்.

ஏணியில் நின்று நான் மாட்டிக்கொண்டிருக்கும்போது கேட்டாள். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தாலும் பேச்சுக்குக் குறைச்சல் இல்லை.

“எதுக்குங்க அது?”

“திருடன் வந்தா தெரியும்.”

“இந்த வீட்டுக்கா? வர்றவன் பாவப்பட்டு எதையாச்சும் வெச்சுட்டுப் போனாத்தான் உண்டு.”

நான் சிரிக்கவில்லை.

பக்கத்து வீட்டுக்காரியிடம் இருந்த சாவியையும் திருப்பி வாங்கிக்கொண்டேன்.

“ஏண்ணே, நடுவுல ஒரு வாய் தண்ணி குடுக்க ஆள் வேணாமா?”

“அதான் கேமரா இருக்குல்ல.”

“கேமரா வந்து ஊத்துமாக்கும்” என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனாள்.

அந்த ரெக்கார்டரில் ஒரு வசதி. ஏதாவது அசைந்தால் மட்டும் பதியும். உடனே போனுக்கும் தகவல் வரும். பழைய கேமராவின் படத்தில் பொடிப் பொடியாகப் புள்ளிகள் ஓடிக்கொண்டே இருக்கும். அதையும் அசைவு என்று நினைத்து, முதலில் போன் ஓயாமல் கத்தியது. அசைவைப் பிடிக்கிற கூர்மையைக் குறைத்துக் குறைத்து, திரைச்சீலை ஆடினால் பேசாமல் இருக்கும், ஆள் அசைந்தால் சொல்லும் என்கிற அளவில் கொண்டுவந்து நிறுத்தினேன். பல நாள் காத்திருந்தேன். அவள் எழவில்லை. அழுத்தக்காரி.

அன்றைக்குக் காலை கிடங்கில் வேலையாக இருந்தபோது போன் சொன்னது. எடுத்துப் பார்த்தேன். கட்டில் காலி. உள்ளதைச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பிறகுதான் தரையில் கிடப்பதைப் பார்த்தேன். பக்கத்தில் தண்ணீர்ச் செம்பு கவிழ்ந்து கிடந்தது.

சரி, இப்போது எழுந்துதானே ஆக வேண்டும் என்று நினைத்தேன். வீட்டில் ஒருவரும் இல்லை, யாருக்காக நடிப்பாள்? ஒரு துணி மூட்டைமேல் உட்கார்ந்து பார்த்தேன். வலது கையால் கட்டில் காலைப் பிடித்தாள். விட்டாள். மறுபடி பிடித்தாள். நெற்றியில் கறுப்பாக ஏதோ வழிந்தது. அந்தக் கேமராவில் நிறம் சரியாகத் தெரியாது. கொஞ்ச நேரம் கழித்துத் தலையைத் திருப்பி நேராகக் கேமராவைப் பார்த்தாள். கையைத் தூக்கி ஆட்டினாள். வாய் அசைந்தது. அப்போது எனக்குப் புரிந்துவிட்டது. நான் பார்ப்பது அவளுக்குத் தெரியும். இவ்வளவும் எனக்காகத்தான்.

யாருக்கு முதலில் சலிக்கிறது, பார்த்துவிடலாம் என்று இருந்துவிட்டேன்.

மதியம் மகள் கூப்பிட்டாள். கட்டிக்கொடுத்தது இரண்டு தெரு தள்ளித்தான். அவளிடம் ஒரு சாவி உண்டு.

“அப்பா, அம்மா போனையே எடுக்க மாட்டேங்குறாங்க. ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வந்துரவா?”

“தூங்குறாம்மா. கேமராவுல பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்.”

“அப்பாடா. நீங்க அதை மாட்டுனப்ப மனசுக்குள்ள உங்களைத் திட்டினேன்பா. நல்லவேளை மாட்டினீங்க.”

அந்த நேரத்துக்கு அவள் போயிருந்தால் தாய் பிழைத்திருப்பாள் என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறாராம். இருக்கலாம். நான் மறுக்கவில்லை. பார்த்தேன். போகவில்லை. போக இருந்தவளையும் தடுத்தேன். மூன்றும் நான்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள், போடுகிறேன்.

ஒன்றில் மட்டும் ஒத்துப்போக மாட்டேன். மகள் பேசின கையோடு லாரி வந்தது. சரக்கு இறக்குகிற இடத்தில் விளக்கு எரியவில்லை என்று என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள். சாயங்காலம் வீட்டுக் கதவைத் திறக்கும்வரை நான் போனைப் பார்க்கவில்லை. அவ்வளவு நேரமும் ரெக்கார்டரில் ஒன்றுமே பதியவில்லை என்கிறீர்கள். அசைந்தால்தானே பதியும் என்று எனக்கே பாடம் எடுக்கிறீர்கள். ஐயா, அது தூக்கிப் போட்ட கேமரா, நான் ஒட்டுப்போட்டு ஓட்டின சாமான். அதை நம்பி எதையும் எழுதிவிடாதீர்கள். நான் பார்க்காத அந்த நேரத்தில்தான் அவள் எழுந்து நடந்திருப்பாள்.